டீச்சரைக் கேளுங்கள்: வாசிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

(ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர், அரசுப் பள்ளிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. "இன்னும் அரும்பு நிலையில்தான் இருக்கான்" என்கிறார் அவன் டீச்சர். அது ஒன்றாம் வகுப்புப் பாடமாமே? வீட்டில் தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். யார் சொல்வது சரி? பேசாமல் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாய், மன்னார்குடி

மாற்றுவதை அப்புறம் பார்ப்போம் தங்கச்சி. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கடகடவென்று வாசிக்கிறான் என்றீர்களே, அதே பாடத்தை எடுத்து, படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மேலே மேலே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துவிட்டான் என்றால் டீச்சரிடம் போய் தைரியமாகக் கேளுங்கள். திணறினான் என்றால் அவனுக்குப் பாடம் மனப்பாடம், அவ்வளவுதான். புத்தகத்தில் காக்கா படம் போட்டு, கீழே 'காகம்' என்று அச்சடித்திருக்கும். பிள்ளை அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு 'காக்கா' என்பான். வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். அவன் வாசித்தது படத்தை.

அரும்பு என்றதும் பதற வேண்டாம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்கப் பள்ளிகளை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத பிள்ளைகள் நேரே இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பென்சில் பிடிக்கவே தெரியாத விரல்கள். இதைச் சரிக்கட்டத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எந்த வகுப்பில் இருந்தாலும், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பதுதான் அதன் சாரம். அரும்பு ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டு, மலர் மூன்று. அதற்கு முன்பெல்லாம் ஜூனில் முதல் பாடம், ஏப்ரலில் கடைசிப் பாடம். பிள்ளை பின்னாலேயே வருகிறதா என்று புத்தகம் திரும்பிப் பார்க்காது. அதனால், உங்கள் மகன் அரும்பில் இருக்கிறான் என்று முகத்துக்கு நேரே சொன்ன டீச்சரை நான் நம்புவேன். 'மலர்' என்று பதிந்துவிட்டுப் போவது அவருக்குச் சுலபம்.

இனி அவன் எங்கே தடுக்குகிறான் என்று பாருங்கள். 'கொக்கு' என்று எழுதிக் கொடுங்கள். காதுக்கு 'கொ' ஒரே சத்தம். கண்ணுக்கு அது மூன்று துண்டு: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். 'கெ' என்று தொடங்கிவிட்டு, அந்தக் காலை என்ன செய்வது என்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பான். சில பிள்ளைகள் துணைக்காலை 'ர' என்றே வாசிக்கும். 'கௌதாரி' கொடுத்தால் 'கெளதாரி' என்று வரும். அந்த 'ள' தனி எழுத்து இல்லை என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டுமே! உகர வரிசை இன்னும் மோசம். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசில் வளையும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது ணா, றா, னா, லை, னை எல்லாம் சீரானது. என் அம்மா எழுதின யானைத் தும்பிக்கை 'லை' போயே போச்சு. உகர வரிசையை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். அதைப் பிள்ளைகள் இன்றைக்கும் ஒவ்வொன்றாகத்தான் கண்ணில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆகவே தினம் பத்து நிமிஷம் அவன் வாசிக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், அது மனப்பாடம். டீத்தூள் பாக்கெட், பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடைப் பலகை, எது கிடைத்தாலும் சரி. தப்பாக வாசித்தால் உடனே திருத்தாதீர்கள். வரி முடியட்டும், "இன்னொரு தடவை பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். தனியார் பள்ளி பற்றிக் கேட்டீர்கள். தமிழில் கொம்பும் காலும் சேர்க்கத் தெரியாத பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால், அங்கே அவனுக்கு மனப்பாடம் செய்ய இரண்டு மொழி ஆகும்.

தருமபுரி மாவட்ட மலைக் கிராமத்தில் இடைநிலை ஆசிரியர் நான். ஐந்து வகுப்பு, 38 பிள்ளைகள், நானும் ஹெச்.எம்.மும்தான். வருகைப் பதிவு, ஆன்லைன் தேர்வு, எமிஸ் (பள்ளி விவரமெல்லாம் ஏற்றுகிற அரசு இணையதளம்), இலவச நோட்டு, செருப்பு, ஆதார் எல்லாமே செல்போனில். சிக்னலுக்கு மொட்டை மாடி ஏறுகிறோம். இதில் வாசிப்பு எப்போது சொல்லிக் கொடுப்பது டீச்சர்?
– பெயர் போட வேண்டாம்

போடவில்லை தம்பி.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் நல்ல சட்டம். எங்கள் ஊரில் பீடி சுற்றப் போய்க்கொண்டிருந்த பெண் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் போதும் என்று எழுதியவர்கள் தலையை எண்ணினார்கள், வகுப்பை எண்ணவில்லை. 38 பிள்ளைகள் ஐந்து வகுப்பில் இருந்தால் அது ஐந்து பள்ளிக்கூடம். அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளி வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்றும் இருக்கிறது. வாசலுக்கு வெளியே இழுப்பதற்குத்தான் அந்தத் தடை. உள்ளேயே உட்கார்த்தி வைத்து போனைத் தட்டச் சொல்வதற்கு எந்தப் பிரிவும் குறுக்கே நிற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை தினமும் இரண்டு நிமிஷம் ஆசிரியர் காதில் விழும்படி வாசித்தால் 38 பிள்ளைக்கு 76 நிமிஷம். இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 38 நிமிஷம். இதற்கு மேல் எந்தத் திட்டமும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது அந்த 38 நிமிஷத்தைக் கூட்டுமா, குறைக்குமா? 'எண்ணும் எழுத்தும்' அட்டையும் பாட்டும் கூட்டின. அதே திட்டத்தில் வந்த ஆன்லைன் மதிப்பீடு குறைத்தது. பிள்ளை ஒரு வார்த்தை வாசித்ததும் டீச்சர் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும். ஆப் வந்ததும் எல்லோரும் சுற்றுகிற வட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தோம்.

நான் ஹெச்.எம்.மாக இருந்தபோது காலை வழிபாடு முடிந்ததும் முதல் அரை மணிக்கு எல்லாருடைய போனும் பீரோவில் இருக்கும். வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) அழைத்தாலும் அப்புறம்தான். ஒரு தடவை அதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "மாணவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் ஹெச்.எம்.மிடம் பேசிப் பாருங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்று, இரண்டாம் வகுப்போடு ஜோடி சேர்த்துவிடுங்கள். பெரியது வாசிக்க, சின்னது கேட்கட்டும், பிறகு மாற்றி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நீங்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடலாம்.

எனக்கு 52 வயது. 24 ஆண்டு சர்வீஸ். இப்போது போய் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் செய்தால்தான் வேலை என்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளையே டாக்டராக இருக்கிறான். இது நியாயமா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியர், ராமநாதபுரம்

சார், முதலில் செய்தியைச் சரியாக வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் அப்படியே பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டும் என்றால் மட்டும் எழுத வேண்டும். உங்களுக்கு எட்டு ஆண்டு இருக்கிறது. தமிழக அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், படிக்க ஆரம்பியுங்கள்.

நியாயமா என்றால், ஆசிரியருக்குத் தகுதி பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பாடக்குறிப்பை வருஷா வருஷம் தேதி மட்டும் மாற்றி எழுதியவர்களோடும் வேலை பார்த்தவள் நான். எந்தத் தகுதியைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. முதல் தாள் 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றும் 30. எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி. குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகள் எத்தனை என்று கேட்பார்கள். 'கௌதாரி'யைக் 'கெளதாரி' என்று வாசிக்கிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்பது அதில் வராது, ஏனென்றால் அதற்கு நான்கு விடை எழுதி ஒன்றை டிக் அடிக்க முடியாது. 2012 ஜூலையில் இங்கே முதல் டெட் நடந்தபோது ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதி, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அவ்வளவு பேருமா பாடம் நடத்தத் தெரியாதவர்கள்?

வருகிற இரண்டு ஆண்டும் உங்கள் வயதுக்காரர்கள் சாயங்காலம் கோச்சிங் போவார்கள். வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும், டீச்சர் மடியில் கைடு இருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டு திரும்பி வராது. வகுப்பறைக்குள் வந்து நின்று பார்த்து மதிப்பிடும் முறை ஒன்றை அரசு நீதிமன்றத்தில் முன்வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். உங்களுக்கு நான் சொல்வது: கணக்கிலும் சூழ்நிலையியலிலும் உங்களுக்குப் பயமே இருக்காது. ஆங்கிலத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். பழைய வினாத்தாளைப் போட்டுப் பாருங்கள்.

ஏணிப்படி, அட்டை, தரையில் வட்டமாக உட்காருவது என்று ஒரு காலத்தில் அமர்க்களப்பட்டதே, அதெல்லாம் எங்கே?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திருவாரூர்

என் பள்ளிப் பரணில் கொஞ்சம் இருந்தது, கரையான் போக மிச்சம்.

அது செயல்வழிக் கற்றல், ஏபிஎல். ஆந்திராவில் ரிஷி வேலி பள்ளிக்காரர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்காகச் செய்ததைப் பார்த்து, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு மாநிலத் திட்ட இயக்குநராக வந்ததும் 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டையாக நறுக்கி, யானை, முயல் என்று சின்னம் போட்டு, பிள்ளை தானே ஏணிப்படியைப் பார்த்து அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பிள்ளைக்கு ஒரு கரும்பலகை. டீச்சருக்கு நாற்காலி கிடையாது, பாய்தான். எனக்கு மூட்டுவலி ஆரம்பித்தது அங்கேதான்.

ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "டீச்சரம்மா தரையில உக்காந்து பிள்ளைங்களோட சீட்டு விளையாடுது." அட்டையைப் பார்த்துத்தான்! ஆனால் எழுத்தை அகர வரிசையில் ஒப்பிக்க வைக்காமல் ட, ப, ம என்று எழுத எளிதானதிலிருந்து தொடங்கி, சில நாளிலேயே 'படம்', 'மடம்' என்று வார்த்தையை வாசிக்க வைத்த வித்தையை நான் கடைசி வரை விடவில்லை. கெட்டது எங்கே என்றால், நன்றாகச் செய்த 13 பள்ளியில் கூட நின்று கைகொடுக்க ஆள் இருந்தார்கள்; மாநிலம் முழுக்கப் போனபோது அட்டைப் பெட்டி வந்தது, ஆள் வரவில்லை. ஒரு அட்டை தொலைந்தால் அந்த ஏணியில் ஒரு படி காலி. பிறகு 2010-இல் சமச்சீர்க் கல்வி, 2012 வாக்கில் ஆண்டை மூன்றாகப் பிரித்த முப்பருவ முறையும் எளிமைப்படுத்திய ஏபிஎல்லும், 2018-இலிருந்து கியூஆர் கோடு போட்ட புதுப் புத்தகம், 2022-இல் எண்ணும் எழுத்தும். ஒன்று வேர் பிடிப்பதற்குள் அடுத்ததற்குப் பயிற்சி என்று வட்டார வள மையத்துக்கு (பி.ஆர்.சி.) ஓடினோம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஃபெயில் போட்டுத்தான் முன்னுக்கு வந்தார்களாம். என் மகள் அங்கிருந்து அனுப்பினாள். நாம் எட்டு வரை ஆல் பாஸ் போடுவதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பாதிச் செய்தி வந்திருக்கிறது ஐயா. 2013-இல் அங்கே சட்டம் போட்டது உண்மை. அந்த ஆண்டு நாலாம் வகுப்பு வாசிப்பில் நாட்டிலேயே 49-ஆவது இடம், 2024-இல் 9-ஆவது இடம் என்பதும் உண்மை. ஆனால் மூன்றாம் வகுப்பு வாசலில் நிறுத்துவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு வந்த செய்தியில் இல்லை போலிருக்கிறது. மழலை வகுப்பிலிருந்தே யாருக்கு வாசிப்பு வரவில்லை என்று சோதித்து, பெற்றோருக்குச் சொன்னார்கள். எழுத்தையும் ஒலியையும் எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கின பள்ளிக்கு வாசிப்புப் பயிற்றுநரை அரசே அனுப்பியது. அவர் வகுப்பிலேயே ஆசிரியர் பக்கத்தில் நின்றார். பல ஆண்டு அதே வேலையை விடாமல் செய்தார்கள். வாசிக்காத பிள்ளையை மூன்றிலேயே நிறுத்திவிட்டால் நாலாம் வகுப்புச் சராசரி தானாக ஏறும் என்று குறை சொல்பவர்களும் அங்கே உண்டு. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நாம் ஃபெயில் மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம். 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத் தேர்வு என்று தமிழக அரசே அறிவித்தது. எங்கள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ஃபெயிலானா தம்பியோட ஒரே பெஞ்சில உக்காரணுமா டீச்சர்" என்று கேட்டு அழுதாள். 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு மறுபடி ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம் என்று விதியைத் திருத்தியது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஆல் பாஸ் போடுகிற அரசு, வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும். 2025-இல் ஆறு முதல் ஒன்பது வரைக்கும் 'திறன்' என்று தனிப் பயிற்சி தொடங்கினார்களே, அதுவே கீழே எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதற்கு ஒப்புதல்தான்.

மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் நடக்கிற பணச் சண்டையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன நஷ்டம்?
– வாசகி, செஞ்சி

மும்மொழியும் அடங்கிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்கிற மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம் அது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வரும் சிறப்புப் பயிற்றுநர், ஆசிரியர் பயிற்றுநர், பகுதிநேர ஆசிரியர் எல்லோருக்கும் சம்பளம் அந்தக் கணக்கில்தான். மும்மொழி வேண்டுமா வேண்டாமா என்று டிவியில் கத்துகிறவர்கள் ஒருவர்கூட அந்தச் சிறப்புப் பயிற்றுநர் வராத பள்ளியில் போய் நின்றதை நான் பார்க்கவில்லை.

நான் பி.ஏ. முடித்தவள். கொரோனாவுக்குப் பிறகு சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக மாதம் 1,000 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். பி.எட். படித்தவர்களே செய்ய முடியாததை நாங்கள் என்ன கிழித்தோம் என்று கேலி செய்கிறார்கள்.
– வாசகி, மரக்காணம் அருகில்

உங்கள் மரக்காணம் பக்கத்தில்தானே 2021 அக்டோபரில் அதைத் தொடங்கினார்கள்! கேலி செய்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: கார்த்திக் முரளிதரன் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகக் கிராமப் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். சாயங்காலம் திண்ணையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் பிள்ளைகள், ஒரு அக்கா. எமிஸ் இல்லை. 1,000 ரூபாய் என்பதுதான் எனக்கு வருத்தம். டிகிரி படித்த பெண்ணின் ஒரு மாதச் சாயங்காலத்துக்கு அது கூலியே இல்லை.

எங்கள் பள்ளியில் வாசிப்பு இயக்கப் புத்தகம் வந்ததாகச் சொல்கிறார்கள். என் மகள் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. யாரிடம் கேட்பது?
– ஒரு தந்தை, உசிலம்பட்டி

ஹெச்.எம். அறை பீரோவில் இருக்கும். கிழிந்தால் ஆடிட்டில் கேட்பார்கள் என்று பயந்து பூட்டி வைத்திருப்பார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியில் மெல்லிசான கதைப் புத்தகங்கள் அவை. உங்கள் மகள் எந்தப் படி என்று டீச்சரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்களும் இன்னும் இரண்டு பெற்றோரும் சேர்ந்து, "புத்தகத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், கிழிந்தால் குழு பொறுப்பு" என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஹெச்.எம்.முக்கும் அது பாதுகாப்பு. அப்படியும் பீரோ திறக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.